துண்டில் விழுந்த சில்லறை

மைதா பசை கொதித்து இறங்கும் நேரத்தில் மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டுக் கிளறினால் ஒரு வாடை கிளம்பும். புளித்த கஞ்சியில் செம்புக் காசை ஊறப்போட்ட மாதிரி. போன மாதம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ராத்திரி நேரத்து ஆட்டோக்காரர்கள் கேட்ட காசுக்கு மனசு வராமல் நடந்து வந்தேன். வழியில் இரண்டு பையன்கள் ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்து அந்த வாடை வந்தது. கால் நின்றுவிட்டது.

"என்னண்ணே, தெரிஞ்சவரா?" என்று ஒருவன் போஸ்டரில் இருந்தவரைக் காட்டிக் கேட்டான்.

"இல்லப்பா. இன்னும் துத்தம் போடுறீங்களா?"

"போடாட்டி மாடு தின்னுரும்ல."

நாங்கள் தேர்தல் போஸ்டர் ஒட்டிய காலத்திலும் மாடுதான் இரண்டாவது எதிரி. முதல் எதிரி யார் என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 1996இல் நாங்கள் ம.தி.மு.க.வோடு கூட்டு. 2001இல் அ.தி.மு.க.வோடு. 2006இல் தி.மு.க.வோடு. மார்க்சிஸ்ட் கட்சிக்கு வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருக்கும். போன தடவை எந்த வீட்டுச் சுவரில் உதயசூரியன் மேல் சுண்ணாம்பு அடித்தோமோ, அதே வீட்டுக்காரரிடம் அடுத்த தடவை போய், "அண்ணே, நாம இப்ப ஒண்ணு" என்று பல்லைக் காட்டி நிற்க வேண்டும். எங்கள் தெரு தி.மு.க. வட்டப் பிரதிநிதி ஒருவர் இருந்தார். 2006இல் அவரிடம் சுவர் கேட்கப் போனபோது நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "எழுதுங்கப்பா. ஆனா இந்தத் தடவை நல்ல சுண்ணாம்பா அடிங்க. போன தடவை நீங்க அடிச்சதுல எங்க சூரியன் ரெண்டே மழையில வெளிய வந்துருச்சு" என்றார்.

சுவர் பிடிப்பது ஒரு கலை. தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே கட்சிப் பேரை ஓர் ஓரமாக எழுதி, வருஷத்தைப் போட்டு, ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். அது எழுதப்படாத பட்டா. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி, கொஞ்சம் நீலமும் வஜ்ரமும் சேர்ப்போம். அரிவாளின் வளைவு சரியாக வர ஆணியில் நூலைக் கட்டிச் சுற்றுவார் எங்கள் ஓவியர். சுத்தியல் சுலபம். நட்சத்திரம்தான் பாடாய்ப் படுத்தும், ஐந்து முனையில் ஒன்று எப்போதும் சப்பையாகப் போகும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் பால்காரர் மணி அடிக்கும்வரை வேலை ஓடும். கூலி என்று ஒன்று கிடையாது. டீ உண்டு, பன் உண்டு, யாராவது வசதியான தோழர் வந்தால் பரோட்டா உண்டு. இப்போது சுவரெழுத்துக்குத் தடைகள் வந்து, அந்தச் சுவர்களில் டைல்ஸ் பதித்துவிட்டார்கள்.

எனக்கு இந்த வேலையெல்லாம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் மில் தொழிலாளி. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு நாள் கூலியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அம்மா முணுமுணுப்பாள். அது தேர்தல் சடங்கில் சேர்ந்தது. 1952 தேர்தலைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. அவருக்கு அப்போது ஓட்டு வயசுகூட ஆகவில்லை. மதுரை வடக்குத் தொகுதியில் நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் பி. ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தார். வேட்பாளர் இல்லாமலே வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டார்கள். கும்பிட ஆள் இல்லை, கை கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் ஜெயித்தார். "உள்ள இருந்த மனுசனுக்கு வெளிய இருந்தவன் கால்தான் நடந்துச்சு" என்பார் அப்பா. அடுத்து கே.பி. ஜானகியம்மாள் கதை வரும். நாடக மேடையில் சம்பாதித்ததையெல்லாம், நகை உட்பட, கட்சிக்குக் கொடுத்துவிட்டு, 1967இல் மதுரை கிழக்கில் சட்டமன்ற உறுப்பினர் ஆனவர். ஜானகியம்மாள் கதை வரும்போது மட்டும் அம்மா முணுமுணுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நகையைக் கொடுத்தவள் கதை அல்லவா.

எனக்கு வாய்த்த வேட்பாளர் என். நன்மாறன். மேடைக் கலைவாணர் என்று பேர். மதுரைக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்க்கட்சிக்காரனும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று சிரித்துவிட்டுப் போவான். ஆளைத் திட்டாமல் அரசியல் பேசுவது எப்படி என்று அந்த மேடைகளுக்குக் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். எம்.எல்.ஏ. ஆன பிறகும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போனவர், கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தவர் என்று 2021 அக்டோபரில் அவர் இறந்தபோது பத்திரிகைகள் எழுதின. எங்களுக்கு அது செய்தியே இல்லை. மார்க்சிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் சம்பளத்தைக் கட்சியில் கட்டிவிட்டு, கட்சி கொடுக்கும் அலவன்ஸை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்குத் தேர்தல் செலவு எங்கிருந்து வரும்? துண்டிலிருந்துதான்.

துண்டு வசூலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய சிவப்புத் துண்டு. நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் ஒருவர் மெகாபோனில் பேசிக்கொண்டு போவார். பின்னால் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர். கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்குக் கடைகளில் ஐம்பதும் நூறும் விழும். அங்கே முகம் பார்த்துக் கொடுப்பார்கள். எல்லாக் கட்சிக்கும் கொடுப்பார்கள். லாரி பக்கம் போனால் சுமைதூக்குகிற அண்ணன்கள் மூட்டையை இறக்கிவிட்டு, தலைத்துண்டின் மடிப்பிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அந்தக் காசில் ஈரம் இருக்கும். சில்லறை சேரச் சேரத் துண்டு நடுவில் தொங்கத் தொடங்கும். முனையைப் பிடித்தவன் விரல் சிவந்துவிடும், ஆனால் மாற்றிப் பிடிக்கவும் முடியாது, மாற்றினால் ஒரு பக்கம் சரிந்து காசெல்லாம் ரோட்டில் உருளும். ஒரு தடவை அப்படி உருண்டபோது பூக்கடை, காய்க்கடை, ரிக்‌ஷா ஸ்டாண்ட் என்று தெருவே குனிந்து பொறுக்கியது. ராத்திரி எண்ணிப் பார்த்தபோது, குறையும் என்று நினைத்த வசூல் மற்ற நாளைவிடக் கூடுதலாக இருந்தது. எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை.

எண்ணுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. கிளை அலுவலகத்தில் கட்சி நாளிதழ் தீக்கதிரை விரித்துக் கொட்டுவோம். செல்லாத பத்துப் பைசா, வாஷர், கிழிந்து பசை ஒட்டிய இரண்டு ரூபாய், பஸ் டிக்கெட்டில் மடித்த ஒரு ரூபாய். ஒரு முறை துவரம்பருப்பு. நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவன். எங்கள் கடையில் ஒரு பட்டுப்புடவை விற்கிற தொகையை ஒரு சாயங்காலம் முழுக்க எண்ணினேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் முதலாளி கல்லாவில் ஒரு நாளும் வராத பயம் இந்தக் காசை எண்ணும்போது வரும். ஐம்பது பைசா விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம்.

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்த ஆத்தா ஒருவர் இருந்தார். துண்டு வந்தால் இரண்டு ரூபாய் போடுவார். இரண்டு ரூபாய்க்கு ரசீது கிழிக்க எங்கள் ரசீதுத் தோழருக்குச் சோம்பல். ஐந்து ரூபாய்க்குக் குறைந்தால் தர மாட்டார். ஆத்தா விட மாட்டார். "ஏப்பா, எம் பேரைப் போட்டுத் தாப்பா." எழுத்துத் தெரியாத ஆத்தா அந்த ரசீதைக் கடைத் தகரத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருப்பார். 2001இல் நன்மாறன் ஜெயித்து, மழைக்காலம் வந்து, கடைக்கு முன்னால் சாக்கடை பொங்கியது. எங்களைப் பார்த்த அன்றைக்கு ஆத்தா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"நான் காசு போட்டு அனுப்புன ஆளு எங்கப்பா? வரச் சொல்லு."

"ஆத்தா, அது கார்ப்பரேஷன் வேலை, கவுன்சிலர்கிட்ட..."

"கவுன்சிலருக்கு நான் காசு குடுக்கலயே."

அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த அரசியல் வகுப்பிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கவுன்சிலர் ஓட்டுக்காக ஆத்தா வீட்டுக்கு எவர்சில்வர் குடம் வந்திருந்தது. அது தெருவுக்கே தெரியும். குடம் வாங்கியதற்காக ஆத்தா அவரைத் திட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை. வாங்கிய இடத்தில் வாய் எழவில்லை. கொடுத்த இடத்தில் கரண்டியே எழுந்தது. தேர்தல் நிதி என்றால் செலவுக்குப் பணம் திரட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி, இரண்டு ரூபாய்க்கு அந்த ஆத்தா வாங்கி வைத்துக்கொண்ட அதட்டும் உரிமை. சாக்கடையை அப்புறம் மனு மேல் மனு போட்டுத் தூர்வார வைத்தோம். அதற்கு ஆன காலத்தைச் சொன்னால் ஆத்தாவின் ஆவி மன்னிக்காது.

சுவர், துண்டு முடிந்தால் பூத் ஸ்லிப். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் என்னை வெயிலில் அனுப்பாமல் உட்கார வைத்துவிடுவார்கள். வாக்காளர் பட்டியலைப் பிரித்துப் பாகம் எண், வரிசை எண், பெயர், வாக்குச்சாவடி என்று வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே போக வேண்டும். பின்னாளில் தேர்தல் ஆணையமே படத்தோடு அச்சடித்துக் கொடுத்த காலமும் வந்து, செல்போனில் பார்த்துக்கொள்கிற காலமும் வந்துவிட்டது. அப்போது கையால் எழுதினோம், அதனால் தெரு மனப்பாடமானது. எந்த வீட்டுப் பெண் கல்யாணமாகி விருதுநகர் போனாள், எந்தக் கிழவர் செத்தும் பட்டியலில் உயிரோடு இருக்கிறார், யார் வீட்டில் மாமியாரும் மருமகளும் வெவ்வேறு சின்னம், எல்லாம். ஸ்லிப் கொடுக்கப் போனால் தண்ணீர் கொடுப்பார்கள், ரேஷன் கார்டு பிரச்சினையைச் சொல்வார்கள், பையனுக்கு வேலை கேட்பார்கள். ஓட்டுக் கேட்பது அதில் ஒரு நிமிஷம்தான்.

2001 தேர்தலில்தான் தமிழ்நாடு முழுக்க மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் வந்தது. அதுவரை அம்புக் குறி முத்திரையைக் குத்தி, மை எதிர்ப்பக்கம் படாமல் மடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவர்கள், இப்போது பொத்தானை அமுக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. செருப்பு வந்த அட்டைப் பெட்டியில் சின்னங்களை ஒட்டி, பக்கத்தில் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். அமுக்கினால் 'பீப்' சத்தம் வரும் என்று காட்ட வேண்டுமே, அதை ஒரு தோழர் வாயால் போட்டார். வாக்குப்பதிவு அன்று ஒரு பாட்டி அமுக்கிவிட்டு நகராமல் நின்றதாம். "சத்தம் வந்துருச்சு பாட்டி, போங்க" என்று அதிகாரி சொல்ல, "அந்தப் பையன் போட்ட சத்தம் வேற மாதிரி இருந்துச்சே" என்றதாம் பாட்டி.

வீட்டில் எல்லோரும் இப்படி வெளிப்படையாக இறங்க முடியாது. அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. நடத்தை விதிப்படி அரசு ஊழியர் எந்தக் கட்சிக்கும் வேலை பார்க்கக் கூடாது, நிதியும் கொடுக்கக் கூடாது. தேர்தல் வந்தால் அவளுக்கு வேறெங்காவது வாக்குச்சாவடி டியூட்டி விழும். எங்கள் தெரு ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளேயே நிற்பாள். ஒரு நாள் ராத்திரி ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு தூக்கு நிறைய ரவா உப்புமா கிண்டி அனுப்பினாள். விதியில் உப்புமா இல்லை என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

2006 வந்தது. அதே மதுரை கிழக்கு, அதே நன்மாறன். எதிரில் ம.தி.மு.க., பத்து வருஷத்துக்கு முன் எங்களோடு ஒரே மேடையில் இருந்தவர்கள். தே.மு.தி.க.வும் புதிதாகக் களத்தில் இறங்கி எல்லாருடைய கணக்கையும் கலைத்துவிட்டிருந்தது. நான் பூத் ஏஜென்ட். காலையில் மாதிரி வாக்குப்பதிவு பார்த்து, சீலில் கையெழுத்துப் போட்டு, பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கோடிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மே மாதத்து வெயிலில் மத்தியானம் சாவடி காலியாகிவிட்டது. பட்டியலைப் பார்த்தால் நம் வீடுகள் என்று நினைத்தவற்றில் பாதி வரவில்லை. இடம் மாற்றிவிட ஆள் வந்ததும் வெளியே ஓடினேன். ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் அடையாள அட்டையைக் காணாமல் அரிசிப் பானைவரை தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா, "நான் ஒருத்தி போடாட்டி என்ன குடியா முழுகிரும்?" என்று புரண்டு படுத்தார். கையைக் காலைப் பிடித்துக் கிளப்பினோம்.

வாக்கு எண்ணிக்கை அன்று சுற்றுக்குச் சுற்று முன்னே பின்னே என்று போய், கடைசியில் வந்த வித்தியாசம் 51 ஓட்டு. நன்மாறன் ஜெயித்துவிட்டார்.

அதற்கப்புறம் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் அந்த 51இல் தானும் ஒருவர் என்பார். கணக்கெடுத்தால் ஒரு தெருவிலேயே இருநூறு பேர் தேறுவார்கள். புரண்டு படுத்த அம்மா, "நான் மட்டும் வந்திருக்காட்டி அம்பதுதான்" என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். அது கணக்குப்படி சரிதான், மறுக்க முடியவில்லை.

பிறகு காலம் வேறு பக்கம் போனது. 2009 ஜனவரியில் பக்கத்திலேயே திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தது. அந்த ஊர்ப் பெயர், கவரில் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு ஃபார்முலாவின் பெயராகிவிட்டது. அதே வருஷம் எங்கள் பா. மோகன் மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் தோற்றார், சில மாதங்களில் இறந்தும் போனார். ஸ்லிப் கொடுக்கப் போனால் "ஸ்லிப்பு மட்டும்தானா?" என்ற கேள்வி வரத் தொடங்கியது. கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் கொடுத்த அதே வீடுகள்தான். ஊர்வலத்துக்கு ஆள் கூப்பிட்டால் தலைக்கு எவ்வளவு, பிரியாணியா பொட்டலமா என்றார்கள். வேட்பாளரின் சட்டமன்றச் செலவு வரம்பு இப்போது 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். டீக்கும் நாற்காலிக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டு, பார்வையாளர்கள் தனிப் பதிவேடு வைத்துச் சரிபார்க்கிறார்கள். நாங்கள் பன்னுக்குக்கூடக் கணக்கு எழுதுகிறோம். கவருக்கு யார் எழுதுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

பெரிய இடத்துக் கொடை வேறு வழியில் போனது. 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது: யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஜனங்களுக்குத் தெரியாத ஏற்பாடு. பெயரைப் போட்டு ரசீது தா என்று இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கு நின்ற ஆத்தாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் கட்சி பத்திரம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்ததோடு வழக்கும் போட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அன்று டீக்கடையில் நான்தான் எல்லாருக்கும் டீ சொன்னேன். ஆனால் அதே டீக்கடையில் சில வருஷங்களுக்கு முன் தலை குனிந்தும் உட்கார்ந்திருக்கிறேன். 2019 தேர்தல் செலவுக் கணக்கில் தி.மு.க. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் எங்களுக்கு 10 கோடியும் கொடுத்ததாகக் காட்டியிருந்தது. வங்கி வழியாக வந்தது, கணக்கில் காட்டியது, கூட்டணிச் செலவு என்றெல்லாம் தலைவர்கள் விளக்கினார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். "என்னண்ணே, துண்டு பெருசாயிருச்சு போல" என்று டீ மாஸ்டர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அந்த 10 கோடி எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அக்கா பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனும் நிதி கொடுக்கிறான், போனைத் தட்டி. "மாமா, ரொக்கமா குடுத்தா எண்பது ஜி.ஜி.சி.யில வரி விலக்கு கிடைக்காது, அக்கவுண்ட்லதான் போடணும்" என்று எனக்கே பாடம் எடுத்தான். கொடுத்த காசுக்கு வரி விலக்கு வாங்கினால் அது நீ கொடுத்ததா, அரசாங்கம் கொடுத்ததா என்று கேட்டேன். "ரெண்டு பேரும்" என்றான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

2024 தேர்தலில் எங்கள் மதுரை நாடாளுமன்ற வேட்பாளர் சு. வெங்கடேசனுக்காக வசூலுக்குப் போனோம். முட்டி வலி என்பதால் என்னை நடக்க விடவில்லை. மார்க்கெட் முனையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். துண்டு உண்டு, கூடவே க்யூ.ஆர். அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு கல்லூரிப் பெண்ணும் உண்டு. சில்லறை குறைந்துவிட்டது, போன்கள்தான் நீண்டன. துண்டு தொங்கவே இல்லை, இந்தத் தலைமுறைக்கு விரல் சிவக்காது.

கைத்தடியோடு வந்த பெரியவர் ஒருவர் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தத் தடவை எவ்வளவு?" என்றார்.

"ஐயா, நாங்க குடுக்கிற ஆளு இல்ல, வாங்குற ஆளு" என்றேன்.

"ஓட்டும் நானே போடணும், காசும் நானே குடுக்கணுமா?"

எனக்கு முந்திக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள். "ஆமா தாத்தா. குடுத்தீங்கன்னா நாளைக்கு வந்து உரிமையா சத்தம் போடலாம்."

நான் இட்லிக் கடை ஆத்தா கதையை அவளுக்கு முதல் நாள்தான் சொல்லியிருந்தேன். நன்றாகத்தான் பயன்படுத்தினாள். பெரியவர் யோசித்தார்.

"சத்தம் போடக் காசு எதுக்கும்மா? அது நான் சும்மாவே போடுவேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயக் கடைப் பக்கம் நடந்தார்.